எவ்வளவு காற்று, எந்த ட்யூப்? டிரையல்ஸ் வண்டிகளின் தீராத கேள்வி

டிரையல்ஸ் பந்தயத்தில் வேகத்துக்கு மரியாதை இல்லை. பாறை, வேர், ஓடைப்படுகை, அடுக்கி வைத்த மரக்கட்டை என்று குறிக்கப்பட்ட சிறு பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டிரையல்ஸின் பழைய கணக்குப்படி ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி, பகுதியை முடிக்கத் தவறினால் ஐந்து. இப்படிப்பட்ட விளையாட்டில் எஞ்சின், பிரேக், ஓட்டுபவரின் உடல் எல்லாம் கடைசியில் உள்ளங்கையளவு ரப்பர் வழியாகவே பாறையோடு பேசுகின்றன. அந்த ரப்பருக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், அந்தக் காற்றை எதில் அடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நூறாண்டுகளாக விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

விடைகள் பிரிவதற்கு ஓட்டுநர்களின் பிடிவாதம் மட்டுமே காரணமாகத் தோன்றவில்லை. அழுத்தத்தையும் ட்யூபையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொள்வதே குழப்பத்தின் பெரும்பகுதி என்று இக்கட்டுரை கருதுகிறது. எவ்வளவு தாழலாம் என்பதைப் பிடிமானம் தீர்மானிப்பது அரிது. காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருளே பெரும்பாலும் அந்தக் கீழ் எல்லையைப் போடுகிறது.

மலைப்பாதையில் தொடங்கியது

ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் 1909இல் வேர்விட்டது. யார்க்ஷயரில் ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட் தம் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வைத்த சவாலாக ஸ்காட் டிரையல் 1914இல் பிறந்தது. அன்றைய வண்டிகள் சாலை வண்டிகளே. அதே டயரோடு சாலையிலும் ஓடி, மலையிலும் ஏற வேண்டும். காற்றை இறக்கினால் ஈரப்பாறையில் சக்கரம் பிடிக்கிறது என்பது அனுபவத்தில் தெரிய வந்தது. இறக்கிய காற்றோடு அடுத்த பகுதிக்குச் சாலையில் விரைந்தால் டயர் சூடேறி நெளிகிறது என்பதும் கூடவே தெரிந்தது. ஆக, முதல் விடையே ஒரு சமரசமாகத்தான் இருந்தது.

1965இல் சாமி மில்லர் பல்டாகோ வண்டியில் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையலை வென்றபோது கணக்கு மாறத் தொடங்கியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட ஒரு வண்டி அங்கே வென்றது அதுவே முதல் முறை. அதற்கு முன் அவர் ஓட்டிய 500 சி.சி. ஏரியலைவிட அது பெரிதும் எடை குறைந்தது. எடை குறையக் குறையக் காற்றையும் குறைக்க இடம் கிடைத்தது. ஸ்பெயினின் பல்டாகோ, மொண்டேசா, ஒஸ்ஸா நிறுவனங்கள் இந்த விளையாட்டுக்கென்றே வண்டி கட்டின. டயர்க்காரர்களும் அதற்கென்றே டயர் வார்த்தார்கள்.

இன்று மோட்டார் டிரையல்ஸில் வழங்கும் எண்களைப் பிற வண்டி ஓட்டுபவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். பின் டயரில் 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன் டயரில் 5 முதல் 7. நம் ஊர் பெட்ரோல் பங்கில் ‘பாயிண்ட்’ என்று கேட்பது இதே அலகைத்தான். அங்கே ஸ்கூட்டருக்கே இதைவிடப் பல மடங்கு அடிக்கிறார்கள்.

குறைவே நல்லது என்போர்

காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் பிடி கூடும் என்பது இவர்கள் வாதம். முதல் பாதி எளிய கணக்கு. 70 கிலோ வண்டியும் 75 கிலோ ஆளும் சேர்ந்து நிற்கையில் பின் சக்கரத்தில் ஏறக்குறையப் பாதி எடை, அதாவது சுமார் 710 நியூட்டன் விசை, இறங்குகிறது. 4.5 பி.எஸ்.ஐ. காற்று மட்டுமே அதைத் தாங்குவதாக வைத்துக்கொண்டால் 230 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். டயரின் துணியடுக்கும் பக்கச்சுவரும் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மைப் பரப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் சாலை வண்டியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு.

இரண்டாம் பாதிதான் சிக்கல். உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளி இயற்பியல் சொல்கிறது. ரப்பர் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. 1963இல் கே. ஏ. குரோஷ் வெளியிட்ட ஆய்வு ரப்பரின் உராய்வுக்கு இரண்டு ஊற்றுகளைக் காட்டியது. ஒன்று, பரப்போடு பரப்பு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது. மற்றது, கரடுமுரடான தரை ரப்பரை நெளிய வைக்கும்போது உள்ளே இழக்கப்படும் ஆற்றல். அழுத்தம் குறைந்து பரப்பு விரிந்தால் ஒட்டுதல் வலுக்கும் என்பதால் பிடிமானக் கட்சியின் வாதத்துக்கு அடிப்படை உண்டு. அதோடு, தளர்ந்த டயர் பாறையின் முனையைச் சுற்றி வளைந்து கவ்விக்கொள்கிறது. எந்த உராய்வு விதியும் இல்லாமலே அது ஒரு பற்றுகோல்.

இந்த வாதம் மெலிவது ஈரத்திலும் சேற்றிலும். பாறைமேல் வழவழப்பான நீர்ப்படலமோ பாசியோ இருந்தால் மூலக்கூறு ஒட்டுதல் பெரும்பாலும் போய்விடும். மெல்லிய சேற்றுப் பூச்சுக்கு அடியில் கெட்டித் தரை இருக்குமிடத்தில் டயரின் கட்டைகள் சேற்றைக் குத்திக் கீழே இறங்க வேண்டும். எடையைப் பரப்பி வைக்கும் தளர்ந்த டயர் அங்கே உதவுமா என்பது விவாதத்துக்குரியது. பக்கச்சரிவில் போகும்போது இன்னொரு குறை வெளிப்படும். பக்கச்சுவர் மடிந்து, ரிம் ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமுமாக நழுவும். ஹேண்டில்பார் சொல்வதைச் சக்கரம் தாமதமாகக் கேட்கும். எனவே குறைவே நல்லது என்போரும் எல்லையின்றிக் குறைப்பதில்லை.

வால்வு கிழிந்த காலம்

பழைய மோட்டார் டிரையல்ஸில் அந்த எல்லையைப் போட்டது ட்யூப். காற்று குறைந்தால் டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் விசையும் குறையும். எஞ்சினின் முறுக்கு விசையில் ரிம் சுழல, டயர் பின்தங்கும். டயரோடு ட்யூபும் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் சிக்கி நிற்கும். சில ஏற்றங்களுக்குப் பிறகு வால்வின் அடி கிழிந்துவிடும். இதற்கு மருந்தாகவே டயரின் ஓரத்தை ரிம்மோடு சேர்த்து இறுக்கும் ரிம்-லாக் வந்தது. வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காதே என்ற பட்டறை அறிவுரையும் இங்கிருந்து வந்ததுதான். நட்டு தளர்வாக இருந்தால் டயர் நகர்வது சாய்ந்த வால்விலேயே தெரியும். கிழிவதற்கு முன் சரிசெய்யலாம். ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே பவுடர் தூவும் பழக்கமும் உண்டு. உராய்ந்து தேய்வதை அது குறைக்கும்.

ட்யூபில்லாத பின் டயர் 1980களில் பரவியதும் இந்தத் தொல்லை ஏறக்குறைய நின்றது. டயரின் ஓரம் ரிம்மின் தோளில் இறுக உட்காரும்படி இரண்டும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டன. கம்பிச் சக்கரத்தில் ட்யூப் இல்லாமல் காற்றை நிறுத்துவது எளிய காரியமல்ல. ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு துளை, ஒவ்வொரு துளையிலும் ஒரு கசிவு. சிலர் தடித்த ரப்பர் பட்டையால் ரிம்மின் உட்புறத்தை மூடினார்கள். வேறு சிலர் ரிம்மின் நடுவில் ஒரு முகட்டை எழுப்பி, கம்பிகளை அதில் பொருத்தி, காற்று நிற்கும் தளத்தைத் துளையில்லாமல் விட்டார்கள். 4.00 அளவுள்ள 18 அங்குல ரேடியல் பின் டயர் இன்று வழக்கமாகிவிட்டது. அதன் பக்கச்சுவர் நெகிழ்வானது. நசுங்கிக் கிழிய ட்யூபும் இல்லை. அதனால்தான் 4 பி.எஸ்.ஐ. அங்கே சாத்தியமாகிறது.

முன் சக்கரத்தில் ட்யூப் நெடுங்காலம் தங்கிவிட்டது. 2.75 அளவுள்ள ஒல்லியான 21 அங்குல டயர் அது. எடை குறைவாக விழும் சக்கரத்தில் காற்று அதிகமாக இருப்பது முதலில் முரணாகப் படலாம். பாறையின் விளிம்பை முதலில் சந்திப்பது முன் சக்கரம்; அதன் டயரில் உயரம் குறைவு; உள்ளே ட்யூப் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து எண்ணை மேலே தள்ளுகின்றன.

மிதிவண்டி வேறு கணக்கு

மொண்டேசாவின் ஓட்டுநராகவும் அதன் கோட்டா வண்டியின் உருவாக்கத்தில் பங்காளராகவும் இருந்த பெரே பி, 1980களில் மொண்டி என்ற பெயரில் எஞ்சின் இல்லாத டிரையல்ஸ் மிதிவண்டிகளைக் கட்டினார். அவருடைய மகன் ஒட் பி பின்னாளில் அதில் உலகப் பட்டங்கள் வென்றார். மோட்டார் டிரையல்ஸின் உத்திகள் மிதிவண்டிக்கு வந்தபோது காற்றைப் பற்றிய நம்பிக்கைகளும் சேர்ந்தே வந்தன. எண்கள் மட்டும் வரவில்லை.

மிதிவண்டியில் பின் டயருக்கு 20 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை, முன் டயருக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக வைப்பது பொது வழக்கம். மோட்டாரில் முன் அதிகம், பின் குறைவு. இங்கே தலைகீழ். மிதிவண்டி ஓட்டுநர் பெரும்பாலான நேரம் பின் சக்கரத்தில் மட்டும் நின்று தத்துகிறார் என்பதே காரணம். முழு எடையும் ஒரே டயரில் இறங்குகிறது.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். பின் சக்கரத்தில் 785 நியூட்டன். 25 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 17 நியூட்டனுக்குச் சற்று மேல். நிற்பதற்குத் தேவையான பரப்பு 46 சதுர சென்டிமீட்டர். உயரத்திலிருந்து இறங்கும்போது விசை மூன்று மடங்காவதாகக் கொண்டால் தேவை 137. தட்டையான தளத்தில் இது ஆபத்தில்லை. 6 சென்டிமீட்டர் அகலமும் 23 சென்டிமீட்டர் நீளமுமாக டயர் படிந்தால் போதும்; 26 அங்குலச் சக்கரத்தில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கினாலே அந்த நீளம் கிடைத்துவிடும். ரிம் இன்னும் பத்திரமான உயரத்தில்தான் இருக்கும்.

பாறையின் கூரிய விளிம்பில் அந்த நீளம் கிடைக்காது. எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்தான் தொடும். 54 சதுர சென்டிமீட்டரில் அதே காற்று தாங்கக்கூடியது 930 நியூட்டன் அளவே. துணியடுக்கின் இழுவிசை கொஞ்சம் கைகொடுக்கலாம். எப்படிப் பார்த்தாலும் நிற்கும் எடையைவிட அது அதிகம் கூடியதல்ல. கொஞ்சம் பலமாக இறங்கினால் டயர் முழுதும் நசுங்கி ரிம் கல்லில் மோதும். இடையில் சிக்கிய ட்யூபில் இரட்டைத் துளை விழும். ஓட்டுநர்கள் இதைப் பாம்புக்கடி என்கிறார்கள். அழுத்தம் பற்றிய சச்சரவுகளில் தளத்தைக் குறிப்பிடாமலே எண்ணைச் சொல்லும் பழக்கம் எவ்வளவு பயனற்றது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 22 பி.எஸ்.ஐ. மரக்கட்டைகளில் தாராளம், கருங்கல் விளிம்பில் தற்கொலை.

மோட்டார் டிரையல்ஸ்காரர் 4 பி.எஸ்.ஐ.யில் தப்புவது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். அங்கேயும் ரிம் கல்லில் மோதுகிறது. ஆனால் நசுங்க ட்யூப் இல்லை, டயர் தடித்தது, ரிம்மும் கனமானது. மிதிவண்டியில் ரிம் எடைக்காகச் செதுக்கப்பட்ட மெல்லிய உலோகம். ரிம்மையே பிடிக்கும் பிரேக்குள்ள வண்டிகளில் இன்னொரு தொல்லையும் சேரும். மகுரா எச்.எஸ். 33 போன்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று ரிம்மின் பக்கத்தை அரைவை இயந்திரத்தால் உரசிச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த ரிம்மில் ஒரு நசுக்கு விழுந்தால் பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் தட்டும். காற்றைக் குறைத்தவர் ட்யூபை மட்டுமல்ல, பிரேக்கையும் இழப்பார். டிஸ்க் பிரேக் பரவியபின் இந்தக் காரணம் வலுவிழந்தது. பழைய அறிவுரையோ அப்படியே தொடர்கிறது.

தடித்த ட்யூப் காக்குமா?

அழுத்தத்தைக் கூட்டாமல் பாம்புக்கடியைத் தவிர்க்க ஒரு வழி, மலையிறக்கப் பந்தயங்களுக்கான தடித்த ட்யூப். 26 அங்குலச் சாதாரண ட்யூப் 200 கிராம் அளவில் இருக்கும். தடித்தது 350, 400 கிராம் வரை போகும். போட்டி வண்டியின் மொத்த எடையே 7 முதல் 10 கிலோதான். ஒவ்வொரு தத்தலிலும் தூக்க வேண்டிய பின் சக்கரத்தில் 200 கிராம் கூடுவதை எடை பார்ப்பவர்கள் ஏற்பதில்லை.

தடிமன் காக்கிறது என்பதில் பெரிய மறுப்பில்லை. எவ்வளவு காக்கிறது என்பதில்தான் மிகைப்படுத்தல். கவனிக்கத் தவறும் ஒன்று ட்யூபின் அளவு. 2.5 அங்குல டயருக்குள் 1.9 அங்குலத்துக்கான ட்யூபை இட்டால் அது ஊதி விரிந்து மெலிந்துவிடும். நீட்டப்பட்ட ரப்பரில் சிறு வெட்டும் சட்டென்று கிழிசலாகும். அளவுக்குப் பொருந்திய சாதாரண ட்யூப், அளவு குறைந்த ‘தடித்த’ ட்யூபுக்கு நிகராக நிற்கக்கூடும். 20 அங்குல வகை டிரையல்ஸ் மிதிவண்டியின் பின் சக்கரம் உண்மையில் 19 அங்குலம். அதற்குரிய ட்யூப் கிடைக்காமல் 20 அங்குலத்துக்கானதை இடுவோர் உண்டு. உள்ளே மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பிலேயே தேய்ந்து ஓட்டையாகும்.

டிரையல்ஸ் ரிம்களின் பெரிய எடைக்குறைப்புத் துளைகளும் கணக்கில் வர வேண்டும். உள்ளிருக்கும் ட்யூப், ரிம்மை மூடும் பட்டையின் மேலாக அந்தத் துளைகளில் பிதுங்கும். பட்டை மெல்லியதாக இருந்தாலோ துளையின் ஓரம் கூராக இருந்தாலோ, கல்லே படாமல் உள்ளிருந்து பஞ்சராகும். இங்கே காற்றைக் கூட்டுவது நோயை வளர்க்கும். பஞ்சரானால் காற்றைக் கூட்டு என்ற பொது அறிவுரையின் ஓட்டை இதுதான்: துளை எந்தப் பக்கம் விழுந்தது என்று பாராமல் மருந்து சொல்கிறது.

ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர்தான். 1937இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு குறைவாகவே காற்றைக் கசியவிடும். லேடெக்ஸ் ட்யூப் அதிகம் நெளிந்து கொடுக்கும், ஆனால் அன்றாடம் காற்று பார்க்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் வகையான டி.பி.யூ. ட்யூப் எடையில் மிகக் குறைவு. நீண்டு கொடுப்பதில் பியூட்டைலுக்கு ஈடாகாது. அகலமான டயரில் திரும்பத் திரும்ப நசுங்கும் வேலைக்கு அது தாக்குப்பிடிக்கும் என்பதற்குப் போதிய அனுபவம் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

துள்ளல் என்ற நம்பிக்கை

மிதிவண்டிக்காரர்களிடையே மட்டும் வழங்கும் வாதம் ஒன்று உண்டு. தளர்ந்த டயர் பந்துபோல எழும்பி, உயரத் தாவ உதவும் என்பார்கள் சிலர். கெட்டியான டயர்தான் காலின் பலத்தை வீணாக்காமல் தரைக்குக் கடத்தும் என்பார்கள் எதிர்த்தரப்பினர். இரண்டையும் ஒரு தோராயக் கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். தாவுவதற்கு முன் ஓட்டுநர் அழுந்தும்போது டயர் 2.5 சென்டிமீட்டர் அமுங்கி, உச்ச விசை 2,000 நியூட்டன் என்றால் டயரில் சேரும் ஆற்றல் சுமார் 25 ஜூல். 80 கிலோவின் ஈர்ப்பு மையத்தை அரை மீட்டர் உயர்த்த 390 ஜூல் வேண்டும். டயர் வாங்கியதை முழுவதும் திருப்பித் தந்தாலும் பங்கு ஆறு சதவீதம்தான். ரப்பரின் உள்ளிழப்பால் முழுவதும் திரும்பாது. அழுத்தத்தை 25இலிருந்து 28 ஆக்குவதால் இந்தச் சிறு பங்கிலும் ஒரு சிறு பங்குதான் மாறும்.

ஆகவே துள்ளலுக்காக அழுத்தத்தைத் தேர்வதில் ஆற்றல் கணக்கின் ஆதரவு சொற்பமே. தாளகதி வேறு விஷயம். டயர் அமுங்கி எழும் நேரம் காலின் உந்துதலோடு பொருந்துவதாக ஓட்டுநர்கள் உணர்கிறார்கள். பழகிய அழுத்தம் மாறினால் அந்த நேரம் தவறும், தாவலும் தவறும். வல்லுநர்கள் தங்கள் எண்ணை விட்டு அசையாததற்கு இது நியாயமான காரணமாகலாம். ஆனால் அப்போது அந்த எண் அவருக்கு மட்டுமே உரியது.

நகரத் தெருக்களின் சுவர்களிலும் கைப்பிடிகளிலும் ஓட்டும் பாணி தனிக் கிளை. 2009இல் வெளியான காணொளியால் ஸ்கை தீவைச் சேர்ந்த டேனி மெக்கஸ்கில் அதை உலகுக்குக் காட்டினார். கான்கிரீட், பெரிய உயர இறக்கம், சுழற்சி ஆகியவை கொண்ட அந்தப் பாணியில் காற்று இன்னும் கூடுதலாகவே வைக்கப்படுகிறது.

ட்யூபே வேண்டாம் என்றால்

மோட்டாரில் வென்ற விடை மிதிவண்டியில் தடுமாறுகிறது. துளையிட்ட ரிம்மைக் காற்றுப்புகாமல் மூடுவது முதல் தடை. இரண்டாவது தடை பெரியது: பக்கவாட்டுத் தாவலில் டயர் விளிம்பில் சாய்வாக இறங்கும்போது டயரின் ஓரம் ஒரு கணம் ரிம்மை விட்டு விலகி, காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறிவிடும். ஓட்டையடைக்கும் திரவம் முள் குத்தலுக்கு உதவும், இதற்கு உதவாது. உள்ளே நுரை வளையம் வைத்து டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் முறை மலை மிதிவண்டிகளில் உண்டு. அங்கே ட்யூபில் மிச்சம் பிடித்த எடை திரும்ப வந்துவிடும். எண்டியூரோ மோட்டார் சைக்கிள்களில் 100 பி.எஸ்.ஐ. காற்றடைத்த ஒல்லியான உள்வளையம் டயரின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்க, வெளி அறையில் மிகக் குறைந்த காற்றோடு ஓடும் டியூப்ளிஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. சிந்தனையாக அது அழகானது. மிதிவண்டி ரிம்மின் மெல்லிய உலோகம் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

அளவுமானி என்ன சொல்கிறது

சொல்லப்படும் எண்களே நம்பத்தக்கவையா? 60, 100 வரை காட்டும் சாதாரண அளவுமானியில் 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு முள்ளின் நடுக்கத்தில் மறைந்துவிடும். 15 வரை மட்டும் காட்டும் தாழழுத்த மானி இல்லாமல் மோட்டார் டிரையல்ஸின் எண்களைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வெப்பநிலை அடுத்தது. 20 டிகிரி அறையில் அடித்த 5 பி.எஸ்.ஐ., 5 டிகிரிக் குளிரில் 4 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே குளிரில் மிதிவண்டியின் 25, 23 ஆகும், பெரிய இழப்பில்லை. உயரமும் விளையாடும். கடல்மட்டத்தில் அடித்துவிட்டு 1,000 மீட்டர் உயரத்துக்குப் போனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி 1.6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். 25க்கு அது அற்பம். 5க்கு அது மூன்றில் ஒரு பங்கு. ‘நேற்று 4.5இல் அருமையாகப் பிடித்தது’ என்ற சாட்சியத்தில் எந்த இடத்தில், எந்த வேளையில் அளந்தது என்பது விடுபட்டால் அது பாதிச் சாட்சியமே.

தீராதவை

இன்றைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. மோட்டார் டிரையல்ஸின் பின் சக்கரத்தில் ட்யூபில்லா ரேடியல் டயர் கேள்வியை ஏறக்குறைய முடித்துவிட்டது. மிதிவண்டியில் டயரின் அகலத்துக்குப் பொருந்திய பியூட்டைல் ட்யூப், ரிம்மின் துளைகளுக்கு நல்ல பட்டை, கூரிய விளிம்பில் ரிம் தட்டாத அளவுக்குக் காற்று என்ற வரிசையே நியாயமாகத் தோன்றுகிறது. பிடிமானத்துக்காக அதற்குக் கீழே இறங்குவது, ட்யூபும் ரிம்மும் செலவானால் பரவாயில்லை என்பவர்களுக்கான தேர்வு.

திறந்திருப்பவை அதைவிடப் பெரியவை. ஈரப்பாசி படிந்த பாறையில் அழுத்தம் குறைந்தால் பிடி எவ்வளவு கூடும் என்பதற்கு ஓட்டுநரின் உணர்வே இன்னமும் முதன்மைச் சான்று. தன் டயரில் எவ்வளவு காற்று என்று அறிந்துகொண்டே ஓட்டுபவர் தரும் சான்று அது. அழுத்தத்தை மறைத்து வைத்து, ஒரே ஓட்டுநரை ஒரே பாறையில் பல முறை ஏற்றிப் பார்க்கும் சோதனை கடினமானதல்ல. ஆனால் பத்தாம் முறை ஏறும்போது பாசி தேய்ந்திருக்கும், ஓட்டுநரும் அந்தப் பாறையைக் கற்றுக்கொண்டிருப்பார். நீண்டு நசுங்கும் டி.பி.யூ. ட்யூபின் ஆயுள், மிதிவண்டியில் டயரின் ஓரத்தைக் குறைந்த எடையில் பூட்டிவைக்கும் வழி ஆகிய இரண்டும் ஆய்வுக்கூடத்தில் தீரக்கூடியவை. இரண்டாவது தீர்ந்தால் 25 என்ற எண் இன்னும் கீழே இறங்கும். எங்கே போய் நிற்கும் என்பதை அப்போது ரிம்மின் உலோகம் முடிவு செய்யும்.